வயிற்றுத் துண்டு

கெளுத்தியின் செவுளைப் பிய்த்துப் போட்டுவிட்டு, வயிற்றைக் கீறி, உள்ளே விரலை விட்டுக் குடலை உருவிக்கொண்டிருந்தபோது தம்பி சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, அப்பா எந்திரிக்கல."

"தூங்கட்டும் விடு."

"தொட்டுப் பாத்தேன். ஜில்லுன்னு இருக்காரு."

மூத்தவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. வயிற்றுத் துண்டைத் தோலோடும் மஞ்சள் கொழுப்போடும் தனியாக அறுத்து எடுத்து, அதை மட்டும் சின்னக் கிண்ணத்தில் போட்டாள். கைக்கு அது பழக்கம். கை தன் வேலையை முடித்துக்கொண்டுதான் நின்றது. பிறகு சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினாள். அப்போதும் வாடை போகவில்லை. அந்தக் கையோடுதான் அப்பாவின் அறைக்குள் போனாள்.

சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது, ஏதோ சொல்ல ஆரம்பித்து வேண்டாம் என்று விட்டவர் மாதிரி. அவள் அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். துக்கம் வரும் என்று கொஞ்ச நேரம் இடம் விட்டுக் காத்திருந்தாள். வந்தது வேறு ஒன்று. பேச்சு பாதியில் இருக்கும்போது எதிராளி எழுந்து போய்விட்டால் ஒரு ஆத்திரம் வருமே, அது.

சொல்லாமலே போயிட்டீங்க இல்ல, என்று மனதுக்குள் கேட்டாள்.

ஊரில் அவருக்குத் 'தண்ணி சார்' என்று பேர். குடிப்பவர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவர் ஏரிக்கரைத் தொழிற்சாலையின் சோதனைக் கூடத்துக்குத் தலைமையாக இருந்தவர். ஆலைக்குள் போகும் தண்ணீரையும், ஆலையிலிருந்து ஏரிக்குப் போகும் தண்ணீரையும் கண்ணாடிக் குழாயில் பிடித்துப் பார்ப்பது அவர் வேலை. ஒரு கோடையில் ஏரியில் மீன் செத்து மிதந்தபோது ஜனங்கள் ஆலை வாசலில் கூடினார்கள். அவர்தான் மேடை ஏறினார். ஏரி மீனில் இருக்கும் சத்து எந்த டானிக்கிலும் கிடையாது, இருதயத்துக்கு நல்லது, கண்ணுக்கு நல்லது, வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கு நல்லது, இதில் இருக்கும் நன்மையோடு ஒப்பிட்டால் தீமை கடுகளவு என்று பேசினார். பேசி முடித்து, எல்லோரும் பார்க்க ஒரு வறுத்த மீனை முழுதாகச் சாப்பிட்டுக் காட்டினார். கூட்டம் கைதட்டியது. கைதட்டியவர்களில் அம்மாவும் ஒருத்தி. அப்போது தம்பி அவள் வயிற்றில் இருந்தான். அந்தப் பேச்சுக்குப் பிறகு அம்மா பிரசவம் வரைக்கும் தினமும் ஏரி மீன்தான் சாப்பிட்டாள். புருஷன் மேடையில் சொன்னதைப் பெண்டாட்டி கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

தம்பி பிறந்து தாமதமாக உட்கார்ந்தான், தாமதமாக நடந்தான், இன்றுவரை கை நடுங்குகிறது. நாற்பதைத் தாண்டியும் சட்டைப் பித்தானை அக்காதான் போட்டுவிட வேண்டும். அம்மா யாரையும் குறை சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில், கடைசியாக நினைவு இருந்த நாளில், காலடியில் உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்து, "நான்தான் எதையோ தின்னக் கூடாததைத் தின்னுட்டேன் போல," என்றாள். அப்பா பக்கத்தில்தான் நின்றார். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

அந்தப் பார்வையைத்தான் மூத்தவளால் மன்னிக்க முடியவில்லை. இவருக்குத் தெரியுமா? தெரிந்துதான் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? ஒரு வார்த்தை. தெரியும் என்று சொல்லிவிட்டால் அவரை வெறுத்துத் தீர்த்துவிடலாம். தெரியாது என்று சொன்னால் அழுது தீர்த்துவிடலாம். அவர் இரண்டையும் சொல்லவில்லை.

அம்மாவின் காரியங்கள் முடிந்த மறுநாள் அவள் சந்தைக்குப் போனாள். மீன்காரியிடம், "இனிமே எங்க வீட்டுக்கு ஏரி மீன்தான். இருக்கிறதுலயே பெருசா, கிழடா பாத்துக் குடு," என்றாள்.

எதைக் கேட்கிறோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் வேலையே அதுதான். தாய்சேய் மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்குச் சாப்பாடு பற்றிச் சொல்பவள். 'சத்துக்காரம்மா' என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மீனை அடியோடு விடாதீங்க, விட்டால் பிள்ளைக்கு வரவேண்டிய நல்ல கொழுப்பு வராது. வாரத்தில் ஒருநாள் போதும். சின்ன மீனா வாங்குங்க, பெரிய மீன் சின்ன மீனைத் தின்று தின்று அத்தனை அழுக்கையும் தன் உடம்பில் சேர்த்து வைத்திருக்கும். தோலை உரிங்க, வயிற்றுக் கொழுப்பை வெட்டிப் போடுங்க, கம்பி மேல் வைத்துச் சுடுங்க, எண்ணெய் சொட்டிப் போகட்டும். பாதரசம் மட்டும் சதையிலேயே இருக்கும், எப்படிச் சமைத்தாலும் போகாது, அதனால்தான் அளவு முக்கியம். நாள் முழுக்க இதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, ஒவ்வொன்றையும் தலைகீழாகச் செய்தாள். பெரிய மீன். தோலோடு. வயிற்றுத் துண்டு. சட்டியில் உருகி நின்ற கொழுப்பையும் வழித்து அப்பாவின் சோற்றில் ஊற்றினாள்.

தம்பிக்கு அந்தச் சட்டியே ஆகாது. அவனுக்கு முட்டை, பருப்பு, எப்போதாவது கடலிலிருந்து வரும் பொடி மீன். அவன் பேப்பர் பை ஒட்டும் கூடத்துக்குப் போயிருக்கும் நேரத்தில்தான் அப்பாவுக்கு இலையோ தட்டோ போடுவாள்.

எதிரே நின்று பார்ப்பாள். நீங்க மேடையில சாப்பிட்டுக் காட்டினதுதானே, சாப்பிடுங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள், "இது வேணாம்மா," என்று தட்டைத் தள்ளிவிட்டால் போதும். அதுவே அவர் வாக்குமூலம். அவர் தள்ளவே இல்லை. முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்து, நிதானமாகச் சாப்பிட்டு, "நல்லாருக்கு," என்பார். இப்படியே ஆண்டுகள் போயின. அவர் எண்பதைத் தாண்டினார். கொஞ்ச காலமாக அவளுக்குள் ஒரு சந்தேகம் தலை காட்டியிருந்தது. ஒருவேளை இந்த மனுஷன் உண்மையிலேயே நம்பித்தான் சொன்னாரோ?

இப்போது வாயை மூடிக் கட்டவேண்டிய நேரம். தாடைக்குக் கீழே துணியைக் கொடுத்து முடிச்சுப் போட்டாள். தேவைக்கு மேல் கொஞ்சம் இறுக்கித்தான் போட்டாள்.

வந்து பார்த்த டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே அவளுக்கு ஆறுதல் சொன்னார். தூக்கத்திலேயே போவதெல்லாம் கொடுப்பினை என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவர் வயசுக்கு அந்த இருதயம் இத்தனை நாள் ஓடினதே பெரிய விஷயம்மா. தினம் மீன் குடுத்துக் காப்பாத்தியிருக்கீங்க. எல்லா வீட்லயும் இப்படி ஒரு பொண்ணு அமையாது."

அவள் தலையை ஆட்டினாள். நன்மை தீமை இரண்டையும் தராசில் வைத்துப் பேசுவது அவளுக்குத் தொழில். தன் தராசே தன்னைப் பார்த்துப் பல்லைக் காட்டும் என்று எதிர்பார்க்கவில்லை.

முற்பகலுக்குள் வீடு நிரம்பிவிட்டது. கூடத்தில் கண்ணாடிப் பெட்டி, வாசலில் வாடகை நாற்காலிகள். பக்கத்து வீட்டுத் தையல்காரி யாரும் சொல்லாமலே சமையலறையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். சாவு வீட்டில் துக்கப்படுகிறவர்களைவிட டீ கேட்கிறவர்கள்தான் அதிகம் என்று முணுமுணுத்தபடி அடுப்பைப் பற்றவைத்தாள். அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் அவருடைய நேர்மையைப் பற்றிப் பேசினார்கள். தூரத்துச் சித்தப்பா ஒருவர் வந்ததிலிருந்து தன் முழங்கால் வலியைப் பற்றியே பேசினார். அவர் பேச்சுத்தான் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

மீன்காரி தொட்டியைச் சந்தையிலேயே விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு உண்மையாகவே அழுதாள். சொந்தக்காரர்களுக்கே அது கூச்சமாக இருந்தது.

மதியம் மூத்தவள் ஒரு டம்ளர் தண்ணீருக்காகச் சமையலறைக்குள் போனாள். தம்பி மூலையில் பலகையில் உட்கார்ந்திருந்தான். மடியில் தட்டு. தட்டில் சோறும், மேலே பொன்னிறமாக வறுத்த வயிற்றுத் துண்டும். அதைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தான்.

அவள் தட்டைத் தட்டிவிட்டாள். சோறு சுவர் வரைக்கும் தெறித்தது. அவன் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினாள். அவன் மிரண்டுபோய் அவள் கையைக் கடித்துவிட்டான்.

"என்ன இது, பைத்தியமா உனக்கு?" தையல்காரி கரண்டியோடு திரும்பினாள். "பசிக்குதுன்னு நின்னான். காலைலேர்ந்து கிண்ணத்துல கெடந்துச்சு, வீணாப் போகுமேன்னு வறுத்துக் குடுத்தேன். அப்பன் செத்த வீட்ல மீனான்னு கேக்குறியா? அவன் கிட்ட போய் அதெல்லாம் பாக்க முடியுமா?"

வாசல்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மீன்காரி எழுந்து வந்தாள். அவள் எதையோ புரிந்துகொண்டிருந்தாள். தையல்காரியைக் கூடத்துக்கு டீ கொடுக்க அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"சாப்பிடட்டும் விடும்மா. ஒண்ணும் ஆகாது. அது குளத்து மீன்தான்."

"என்ன சொல்ற?"

"வளப்புக் குளத்துல நல்ல தண்ணில வளந்தது. உங்க வீட்டுக்கு நான் ஏரி மீன் குடுத்ததே கெடையாது."

"நான் ஏரி மீன்தானே கேட்டேன்? தினமும் வாயைத் தொறந்து கேட்டேனே?"

"கேட்ட. நானும் ஆமான்னுதான் சொன்னேன். மீன் மேல பேரா எழுதியிருக்கு?" மீன்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சார் சொல்லி வச்சிருந்தாரும்மா. இன்னிக்கு நேத்துல்ல, எங்கம்மா யாவாரம் பண்ண காலத்துலேர்ந்தே. தம்பி பொறந்து, அதுக்கு இப்படின்னு தெரிஞ்சப்ப வந்து சொன்னாராம். என் வீட்டுக்கு ஏரி மீன் போகக் கூடாது, யாருகிட்டயும் சொல்லவும் கூடாதுன்னு. உங்கம்மா போனப்புறம் நீ வந்து ஏரி மீன் வேணும்னு நின்னியே, அதை அவர்கிட்ட சொன்னேன். அவ என்ன கேட்டாலும் சரின்னு சொல்லு, பழையபடியே குடுன்னாரு. ஏன் சார்னு கேட்டேன். வீட்ல ஒருத்தன் இருக்கான், ஒருநாள் தட்டு மாறிப் போயிடும்னாரு."

தட்டு சுவரோரம் இன்னும் ஆடிக்கொண்டிருந்ததா, அல்லது அவளுக்குத்தான் அப்படித் தோன்றியதா தெரியவில்லை. தம்பி கீழே கிடந்த மீன் துண்டை எடுத்துத் துடைத்து மறுபடி சாப்பிடத் தொடங்கியிருந்தான். அவள் தடுக்கவில்லை.

மீன்காரி அவள் முகத்தைப் பார்த்தாள். ஏரி மீன் என்று நினைத்துக்கொண்டு தம்பி வாயிலிருந்து பிடுங்கியவள், அதையே இத்தனை காலம் அப்பனுக்குப் போட்டிருக்கிறாளே என்ற கணக்கு அந்தக் கண்ணுக்குள் மெதுவாக ஓடி முடிந்தது. போய் வெங்காயத்தின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

ஆக, தெரியும். தம்பிக்கு இப்படி என்று ஆனபோதே தெரிந்துவிட்டது. அன்றைக்கே இந்த ஒரு வீட்டின் தட்டை மட்டும் நகர்த்தி வைத்துக்கொண்டார். ஏரிக்கரையில் அத்தனை வீடு இருக்க, அத்தனை பெண்கள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு சந்தைக்கு வர, இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் நல்ல மீன். அம்மா தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டு போனபோதுகூட ஜன்னலைத்தான் பார்த்தார். பிறகு தன் மகள் ஒவ்வொரு நாளும் விஷம் என்று நினைத்துப் பரிமாறியதை, அது விஷம் இல்லை என்று தெரிந்துகொண்டே, முள்ளெடுத்து, ருசித்து, நல்லாருக்கு என்றார். அவள் கோபத்தின் பல்லைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அதைக் கடிக்கவிட்டு வேடிக்கை பார்த்தார். அல்லது வேடிக்கை பார்க்கவில்லை. எது என்று இனி யாரிடம் கேட்பது?

அவளுக்கு அவரை எழுப்பி உட்காரவைத்து அறைய வேண்டும்போல இருந்தது. தட்டு மாறிப் போயிடும் என்ற அந்தச் சொல்லையும் அதே நேரத்தில் கேட்டுக்கொண்டே இருந்தாள். அது ஒரு தகப்பன் சொல்கிற சொல். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

வண்டி வந்து நின்றபோது வெயில் இறங்கியிருந்தது. அப்பாவைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். ஏரிக்கரை வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள், பெரும்பாலும் பெண்கள், உள்ளே வராமல் கேட்டுக்குப் பக்கத்தில், கையில் கொஞ்சம் உதிரிப் பூவோடு. தண்ணி சாரின் மேல் அவர்களுக்குப் பாசம் இல்லை. சத்துக்காரம்மாவுக்காக வந்தவர்கள். அவர்களுக்கு முன்னால் வலைக்காரர் நின்றார். ஏரி கெட்டதற்கும் பிள்ளைகள் கெட்டதற்கும் ஆலைதான் காரணம் என்று வழக்குப் போட்டு அலைகிறவர். அவருடைய பேத்தியின் கையும் தம்பியின் கையைப் போலத்தான்.

ஆலையின் மேனேஜர் பெரிய மாலையோடு வந்தார். மாலையை வைத்துவிட்டு, இரண்டு வார்த்தை பேசிவிடுகிறேன் என்று தொண்டையைக் கனைத்தார். இரண்டு வார்த்தை நீண்டுகொண்டே போனது. அப்பாவின் ஒழுக்கம், நேரம் தவறாமை, எளிமை. பிறகு கேட்டுப் பக்கம் லேசாகத் திரும்பி, எதற்காக வந்தாரோ அதற்கு வந்தார்.

"நம்ம ஏரியைப் பத்தி யார் யாரோ என்னென்னவோ பேசுறாங்க. நான் ஒண்ணுதான் கேக்குறேன். நம்ம சார் கடைசி நாள் வரைக்கும் இந்த ஏரி மீனைத்தான் தினமும் சாப்பிட்டாரு. ஊருக்கே தெரியும். எண்பது வயசு தாண்டி, ஒரு நோய் நொடி இல்லாம தூக்கத்துல போயிருக்காரு. இதைவிட வேற என்ன அத்தாட்சி வேணும்?"

வலைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவரிடம் இதற்குப் பதில் இருந்ததில்லை. இந்தப் பேச்சை ஏற்கெனவே வேறு இடங்களில் கேட்டிருக்கிறார் என்பது அந்தக் குனிவிலேயே தெரிந்தது.

மூத்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் சட்டியிலிருந்துதான் அந்த அத்தாட்சி போயிருக்கிறது. அவரைப் பழிவாங்க அவள் வைத்த ஒவ்வொரு தட்டும் அவருடைய மேடையாகியிருக்கிறது.

"அவர் ஏரி மீன் சாப்பிட்டதே இல்ல," என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோரும் திரும்பினார்கள். மேனேஜர் துக்கத்தில் பேசுகிறவளைப் பார்க்கும் கனிவோடு அவளைப் பார்த்தார். "என்னம்மா சொல்றீங்க?"

"எங்க வீட்டுக்கு ஏரி மீன் வந்ததில்ல. தம்பி பொறந்ததுலேர்ந்து வந்ததில்ல. எல்லாம் வளப்புக் குளத்து மீன். அப்பாதான் அப்படி ஏற்பாடு பண்ணி வச்சிருந்தாரு. ஏரி மீன் என்ன செய்யும்னு அவருக்குத் தெரியும்."

கூட்டத்தின் பின்னால் மீன்காரி நின்றிருந்தாள். அவள் கண்கள் கெஞ்சின. என் பொழைப்பு, என்றன.

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" மேனேஜரின் குரலில் இப்போது கனிவு இல்லை.

மூத்தவள் மீன்காரியின் பக்கம் திரும்பவில்லை. "நான்தானே தினம் வாங்கினேன். நான்தானே சமைச்சேன். எங்க கூப்பிட்டாலும் வந்து சொல்றேன்," என்றாள்.

சொல்லி முடித்ததும் அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். எதிர்பார்த்திருந்த ஏதோ ஒன்று அங்கே இல்லை. காலையில் அவள் போட்ட முடிச்சுதான் தாடையை இறுக்கிப் பிடித்திருந்தது.

மேனேஜர் தன் ஆளிடம் காதோடு ஏதோ சொன்னார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. வலைக்காரர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் ஒரு வெளிச்சம் வந்தது. பிறகு, ஓடுகிற தண்ணீர் கலங்குவதுபோல, அது மாறியது. அவருக்குப் பின்னால் ஒரு பெண் பக்கத்துப் பெண்ணிடம் கேட்டது எல்லோர் காதிலும் விழுந்தது.

"நம்மள மட்டும் ஏரி மீனை வாரத்துல ஒருநாள் சாப்பிடுங்க, ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னாங்க இல்ல இவங்க?"

மூத்தவள் வாயைத் திறந்தாள். நான் இன்று மதியம்தான் தெரிந்துகொண்டேன் என்று சொல்லலாம். சொன்னால், இத்தனை காலம் எந்த மீன் என்று நினைத்து அப்பாவுக்குப் போட்டாய் என்ற கேள்வி வரும். அவள் வாயை மூடிக்கொண்டாள். ஜன்னல் எதுவும் பக்கத்தில் இல்லை. பார்ப்பதற்குத் தரைதான் இருந்தது.

ஏரிக்கரைப் பெண்கள் அப்பாவை நெருங்கி வரவில்லை. கையில் வைத்திருந்த பூவைக் கீழே போடவும் அவர்களுக்கு மனம் வரவில்லை போல. காலியாகக் கிடந்த வாடகை நாற்காலிகளில் ஆளுக்கொன்றில் வைத்துவிட்டு, ஒருவர் பின் ஒருவராகக் கேட்டைத் தாண்டிப் போனார்கள். மீன்காரியும் அவர்களோடு போனாள். வலைக்காரர் கடைசியாகப் போனார்.

அப்பாவை வண்டியில் ஏற்றினார்கள். டிரைவர் பின்கதவை மூட வந்தார்.

தம்பி நாற்காலி நாற்காலியாகப் போய்ப் பூக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தான். கை நடுங்கியதில் ஒன்று விழுந்தது. குனிந்து அதை எடுக்கும்போது இன்னும் இரண்டு விழுந்தன. அவன் பொறுமையாகத் திரும்பவும் குனிந்தான்.

"நேரமாகுதும்மா," என்றார் டிரைவர்.

அவள் கதவை உள்ளங்கையால் பிடித்துக்கொண்டு, அவன் வந்து சேரும்வரை மூட விடாமல் நின்றாள்.